கொலாஜன் குழாய் எல்லா இடைவெளிக்கும் உதவாது

அறுந்த நரம்பின் இரு முனைகளுக்கு நடுவே வைக்கும் கொலாஜன் (ஒரு வகைப் புரதம்) குழாயைப் பற்றி, "கொலாஜன் குழாய் வைத்தால் நரம்பு எவ்வளவு நீளம் போயிருந்தாலும் சில வாரத்தில் சேர்ந்துவிடும், காலிலிருந்து நரம்பு எடுக்கவே வேண்டாம்" என்று சிலர் எழுதுகிறார்கள். இது தவறு. நம்பி முடிவெடுப்பவருக்குக் கையே வழங்காமல் போகலாம்.

குழாய் நரம்பை ஒட்டவைப்பதில்லை, வழி மட்டுமே காட்டுகிறது. முதலில் இரு முனைகளுக்கு நடுவே ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் புரதம்) இழை உருவாகும். அதைப் பிடித்து ஷ்வான் செல்கள் (நரம்பிழையைச் சூழ்ந்து காக்கும் செல்கள்) நகர்ந்த பிறகுதான் ஆக்ஸான் (நரம்பிழை) வளரும். இடைவெளி கூடினால் அந்த இழை நடுவில் மெலிந்து அறுந்துபோகும். 3 செ.மீ. என்பது உச்ச வரம்பு. நம்பகமான பலன் ஒன்றரை செ.மீ.க்குள், அதுவும் விரலின் உணர்வு நரம்பு போன்ற மெல்லியவற்றில்தான். கையின் முக்கிய நரம்புகளில் ஒன்றான மீடியன் நரம்பில் 4 செ.மீ. போயிருந்தால் காலின் சூரல் நரம்பை எடுத்துப் பொருத்துவதே இன்றும் முதல் தேர்வு.

"சில வார"மும் இல்லை. வளர்ச்சி நாளுக்குச் சுமார் 1 மி.மீ.; மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வர ஆறு மாதம்கூட ஆகும்.

பல தோல்விகளுக்குக் காரணம் பொருத்தும் விதம். நசுங்கிய முனையை ஆரோக்கியமான நரம்புக் கற்றைகள் தெரியும்வரை வெட்டாமல் விடுவார்கள். அல்லது நரம்பைவிட இறுக்கமான குழாயை மாட்டிவிடுவார்கள். முனையைக் குழாய்க்குள் 2 மி.மீ. அளவுக்கு இழுத்து மிக மெல்லிய 8-0 அல்லது 9-0 நைலான் நூலில் தைக்க வேண்டும். பிறகு உள்ளே சலைன் நிரப்ப வேண்டும், இல்லையென்றால் உறைந்த ரத்தமே பாதையை அடைத்துவிடும்.

இன்னொன்று: பல குழாய்கள் மாட்டுக் கொலாஜனில் செய்தவை. ஒவ்வாமை இருந்தால் அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.