புகையைப் பிடிக்கப் போன கதை
வாரம் ஒரு தலைப்பு, 52 வாரம், 52 ஃபோட்டோ என்று ஜனவரியில் வீராப்பாக ஆரம்பித்தது நான்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. இந்த வாரம் பக்க ஒளியில் புகை. ஊதுபத்தி இருக்கிறது, பின்னணிக்கு அக்காவின் கறுப்புத் துப்பட்டா இருக்கிறது, பத்து நிமிஷ வேலை என்று நினைத்தேன் பாருங்கள்!

முதலில் ஃபேனை நிறுத்தணும். மே மாதத்தில். ஜன்னலையும் சாத்திவிட்டு வியர்வை சொட்ட உட்கார்ந்தால், புகை ஒரு சாண் நேராக எழும்பி அப்புறம் அழகாகச் சுருளும், அந்த நேரம் பார்த்து நான் பெருமூச்சு விட்டுக் கலைத்துவிடுவேன். விளக்கை முன்னால் வைத்தால் புகை மங்கித் துப்பட்டாவின் ஜிகினா பளபளக்கிறது. பின்னால் சாய்வாக வைத்தால் லென்ஸுக்குள்ளேயே வெளிச்சம் அடித்துப் படம் வெளிறிப் போகிறது. காலண்டர் அட்டையைக் கிழித்து மறைப்பு கட்டினேன்.

சரி, முடிந்தது என்றால் அந்த மலிவு எல்இடி பல்ப்! படத்தில் புகை அசையாமல் விழ ஷட்டர் வேகத்தை 1/1000 விநாடி வைத்தேன், படமெல்லாம் பட்டை பட்டையாகக் கோடு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று; சுற்றுக்கு இரண்டு என்று பல்ப் விநாடிக்கு 100 தடவை மினுக்குகிறது. நம் கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்கு மட்டும் தெரிகிறது. டார்ச்சுக்கு மாறினேன். கோடு இல்லை, வெளிச்சமும் இல்லை.

நாற்பதாவது முயற்சியில் அருமையான ஒரு சுருள் எழும்பியபோது அம்மா கதவைத் திறந்து, "என்னடா ஒரே புகை?" என்று ஃபேனைப் போட்டார்.

அடுத்த வாரம் நீர்த்துளியாம். எங்கள் தெருவில் தண்ணீர் வருவதே ஒருநாள் விட்டு ஒருநாள்.