எடை இருக்கிறது, ஊர் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நடந்ததை நண்பர்கள் பெரும்பாலும் பார்த்துவிட்டீர்கள். ஸ்கிரீன்ஷாட் எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டார்கள். அதனால் முழுக் கதையையும் மறுபடி எழுதவில்லை. பழைய காசு சேகரிக்கிற நம் குரூப்பில் ஒரு தம்பி, ஏலத்தில் வாங்கிய பாண்டியர் காசின் படத்தைப் போட்டிருந்தார். நான் கேட்ட கேள்வியை மட்டும் இங்கே பதிந்து வைக்கிறேன். "வாழ்த்துகள் தம்பி, அருமையான காசு. எந்த ஊரில் கிடைத்தது என்று ஏலக்காரர்கள் ஏதாவது சொன்னார்களா?" இவ்வளவுதான் கேட்டேன். வந்த பதில்: "ஏலத்துல கிடைச்சது சார்." அதற்குக் கீழே 43 சிரிப்புப் பொம்மைகள். காலையில் எழுந்து பார்த்தால் குரூப்பில் நான் இல்லை.

குரூப்பிலிருந்து தூக்கியதுகூடப் பெரிதில்லை. அந்த 43 பேரில் இருபது பேராவது என் கடைக்கு வந்து, நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே காசு பேசியவர்கள். அவர்களும் சிரித்தார்களே என்பதுதான் இரண்டு நாளாக மனதில் கிடந்து அறுக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஏலக் குறிப்பை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். பாண்டியர் செப்புக் காசு. 'எல்லாந்தலையானான்' என்ற எழுத்து. எடை 3.42 கிராம், இரண்டு தசம இடம் வரை. விட்டம் மில்லிமீட்டரில். தேய்மானம் எவ்வளவு, களிம்பு என்ன நிறம், எவ்வளவு அரியது, எல்லாம் இருக்கிறது. இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரிப் புகைப்படம். ஊர்? 'ஒரு பழைய சேகரிப்பிலிருந்து.' தீர்ந்தது. 11,500 ரூபாய்க்கு மேல் கமிஷனும் வரியும் கட்டி வாங்குகிற மனிதன், இது எந்த மண்ணிலிருந்து வந்தது என்று கேட்கக் கூடாதா? கேட்டால் அது சிரிக்கிற விஷயமா?

ஊர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். என்ன ஆகும் என்று சொல்கிறேன். 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் ஒரே புதையலாக 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலான காசுகளில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. புதையலில் இருந்த பேரரசர்களில் கடைசி ஆள் வெஸ்பாசியன், கி.பி. 69இல் பட்டத்துக்கு வந்தவன். அதனால் அதற்கு முன் அதைப் புதைத்திருக்க முடியாது என்று சொல்ல முடிகிறது. இத்தனை காசுகளை ஒரே மாதிரி வெட்டியிருப்பதால், இந்தக் காசு இனிப் புழங்கக் கூடாது என்று யாரோ முடிவு செய்து வெட்டியிருக்கிறார்கள் என்று யோசிக்க முடிகிறது. அதே காசுகள் ஒவ்வொன்றாக ஏலத்தில் வந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? முகத்தில் கீறல் விழுந்த காசு, அதனால் விலை குறைவு. அவ்வளவுதான் எழுதியிருப்பார்கள்.

நம் போடிநாயக்கனூர்ப் புதையலும் அப்படித்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகள், அதாவது சின்னங்களைக் குத்தி அடித்த பழங்காசுகள், பின்பக்கத்தில் மீன். அவ்வளவும் ஒன்றாக, பாண்டிய நாட்டு எல்லைக்குள் கிடைத்ததால்தான் அந்த மீன் பாண்டியர் சின்னம் என்ற பேச்சு வந்தது. கீழடிக்குப் பக்கத்தில் அகரத்தில் 2020இல் தோண்டியபோது ஒரு தங்கக் காசு வந்ததே, வீரராயன் பணம், நினைவிருக்கிறதா? ஒரு சென்டிமீட்டர் அகலம், 300 மில்லிகிராம் எடை. யாராவது வயலில் பொறுக்கி ஆசாரியிடம் கொடுத்திருந்தால் அது 300 மில்லிகிராம் தங்கம். குழியில், இன்ன ஆழத்தில், இன்ன மண்ணடுக்கில் இருந்து எடுத்ததால்தான் அது சரித்திரமாக நம் கைக்கு வந்தது.

எனக்கு இதையெல்லாம் பல்கலைக்கழகத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. பெரியப்பா சொல்லித் தந்தது.

பெரியப்பாவுக்கு மதுரையில் புதுமண்டபத்துப் பக்கம் பாத்திரக் கடை. பழைய பித்தளை, செம்பு கொண்டுவந்து கொடுத்தால் எடை போட்டுக் கழித்துக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுப்பார். கிராமத்திலிருந்து வருகிற பெண்கள் உடைசல் பாத்திரத்தோடு முந்தானையில் முடிந்து நாலு செப்புக் காசும் கொண்டுவருவார்கள். கிணறு வெட்டும்போது வந்தது, வரப்பு கொத்தும்போது வந்தது, வைகையில் மணல் அரிக்கிறவன் கொடுத்தது. மற்ற கடைகளில் அதைச் செம்பு எடையோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். பெரியப்பா மட்டும் தனியாக எடுத்து வைத்து, "எந்த ஊரு தாயி? எங்கன கெடந்துச்சு?" என்று கேட்பார். சொல்லும்வரை விடமாட்டார். கல்லாப்பெட்டிக்கு மேல் தொங்கும் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, காசை வைத்து மடித்துப் பொட்டலம் கட்டிவிடுவார். தாளின் முன்பக்கத்தில் தேதி இருக்கும், பின்பக்கத்தில் ஊர் இருக்கும். வேறு என்ன பதிவேடு வேண்டும்?

ஒருநாள் பெரியம்மா ஆசையாகப் பத்துக் காசை எடுத்து, புளி போட்டுக் குத்துவிளக்கு விளக்குகிற மாதிரி விளக்கிப் பளபளவென்று கொண்டுவந்து கொடுத்தார்கள். எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. பெரியப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது எனக்குப் பதினோரு வயது. செப்புக் காசுக்காக ஒரு மனுஷன் சாப்பிடாமல் இருப்பாரா என்று ஆச்சரியப்பட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் இறந்து பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனபோது, முற்றத்தில் காலண்டர் தாள்கள் இறைந்து கிடந்தன. பொட்டலங்களை எல்லாம் பிரித்து, காசுகளை ஒரு எவர்சில்வர் சம்படத்தில் கொட்டி, மொத்தமாக ஒரு வியாபாரிக்கு எடைக்குப் போட்டிருந்தார்கள். வீட்டில் கடன் இருந்தது, அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நான் செய்ததெல்லாம் அந்தத் தாள்களைப் பொறுக்கியதுதான். 67 தாள்கள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. சிலைமான், ஆடு மேய்க்கிற பையன். திருப்புவனம், தென்னந்தோப்புக் கிணறு. கல்பாலத்துக்குக் கீழே, மணல் அரித்தது. எல்லாம் வெறும் தாள்கள். காசு எந்தக் கையில் இருக்கிறதோ தெரியாது.

இப்போது சொல்லுங்கள், எந்த ஊரில் கிடைத்தது என்று நான் கேட்டால் அது யாரையாவது மட்டம் தட்டவா?

சட்டப்படி நடக்கிற ஏலத்தை எப்படிக் குறை சொல்லலாம் என்று சிலர் கேட்கலாம். நான் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் தொல்பொருள். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இது 1972ஆம் வருஷச் சட்டம். உரிமம் வைத்து நடத்துகிறார்கள், வாங்குகிறீர்கள், நல்லது. அதோடு ஊரையும் எழுதச் சொல்கிறேன். அதற்கு எந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது?

அடுத்த வாதம்தான் கனமானது. ஊரைச் சொன்னால் கண்டெடுத்தவன் வீட்டுக்குப் போலீஸ் வரும் என்பது. இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் உண்மை. 1878இல் வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம் சொல்கிறபடி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். அரசு எடுத்துக்கொள்வதாக முடிவு செய்தால், உலோகத்தின் மதிப்பும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும் கொடுப்பார்கள். உலோகத்தின் மதிப்பு! நாலு கிராம் செம்பின் விலை இன்றைக்கு ஒரு டீக்குக் காணாது. அதற்காகக் காட்டு வேலையை விட்டுவிட்டு ஒரு விவசாயி தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பானா? பழைய இரும்புக்காரனிடம் போடுவான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். இந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் ஒரு மனு எழுதியிருக்கிறோம்? ஆனால் தம்பி, நான் சர்வே நம்பரா கேட்டேன்? கண்டெடுத்தவன் பேரையா கேட்டேன்? மானாமதுரைப் பக்கம், திருமங்கலம் பக்கம் என்று ஒரு வார்த்தை போதுமே.

மியூசியத்தில் கொடுத்தால் மூட்டைக்குள் தூங்கும், நாங்கள்தான் காப்பாற்றுகிறோம் என்கிறார்கள். எனக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. 2023இல் கீழடி அருங்காட்சியகம் திறந்தபிறகு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து வயது. ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி முன்னாலும் நின்று, "இது எங்கப்பா கிடைச்சது?" என்றுதான் கேட்டாள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தானாகத் தோன்றுகிற கேள்வி அது.

பெருவழுதிக் காசு அகழாய்விலா வந்தது, ஒரு சேகரிப்பாளர் கையிலிருந்துதானே வந்தது என்று கேட்பீர்கள். ஆமாம். தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் வெளிக்கொண்டுவந்த காசு அது. சதுரச் செம்பு, ஒரு பக்கம் குதிரை, மேலே தமிழ்ப் பிராமியில் 'பெருவழுதி', மறுபக்கம் கோட்டுருவமாக மீன். சங்க காலப் பாண்டியன் தன் பெயரைப் பொறித்துக் காசு அடித்தான் என்று நமக்குத் தெரிந்தது அவரால்தான். அவர் அதைப் படித்தார், எழுதினார், அறிஞர்கள் முன் வைத்தார். சேகரிப்பாளர் என்றால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார். ஏல முடிவை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, இரண்டு வருஷம் கழித்து லாபத்துக்கு அதே ஏலத்தில் திரும்ப விடுகிறவரையும் அதே பெயரால் எப்படிக் கூப்பிடுவது?

அப்புறம் பொறாமை. "காசு இல்லாதவன் காசைப் பத்திப் பேசுறான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், என்னிடம் பணம் இல்லை, அதில் மறைக்க ஒன்றுமில்லை. நானும் ஏலத்தில் கேட்டிருக்கிறேன். மூன்று முறை. மூன்று முறையும் கடைசி நிமிஷத்தில் என் கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. அப்போதும் ஏலக்காரருக்குப் போன் போட்டு எந்த ஊர் என்றுதான் கேட்டேன். இதில் பொறாமை எங்கே வருகிறது?

இன்னொன்றும் சொல்கிறேன், இதுதான் என்னை ரொம்பக் காயப்படுத்தியது. 2025இல், புத்தரின் அஸ்தியோடு கிடைத்த பிப்ராவா மணிகளை ஹாங்காங்கில் ஏலம் விடப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது, இதே குரூப்பில் எவ்வளவு கொதித்தீர்கள். அரசு நோட்டீஸ் அனுப்பி, ஏலம் நின்று, ஜூலையில் மணிகள் ஊர் திரும்பியபோது கைகூப்பிப் பொம்மை போட்டீர்கள். நானும் போட்டேன். அதை எதை வைத்துக் கேட்க முடிந்தது? 1898இல் பிப்ராவாவில், இன்ன தூபியில், பெப்பே என்ற வெள்ளைக்காரர் தோண்டி எடுத்தது என்று எழுத்தில் இருந்தது. கோயிலிலிருந்து திருடுபோன ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தாரே, கோயிலில் இருந்தபோது எடுத்த புகைப்படம் புதுச்சேரியில் பத்திரமாக இருந்தது. நம் செப்புக் காசுக்கு அப்படி என்ன இருக்கிறது? நாளைக்கு இதே எல்லாந்தலையானான் வெளிநாட்டு ஏலத்தில் நின்றால், இது எங்கள் மதுரை மண் என்று எதைக் காட்டிச் சொல்வீர்கள்? 'பழைய சேகரிப்பிலிருந்து' என்பதையா? போலிக் காசுக்காரனுக்கும் அந்த ஒரு வரிதான் வசதி. அச்சில் வார்த்து, விளிம்பை அராவி, ரசாயனத்தில் களிம்பு ஏற்றி, அவனும் பழைய சேகரிப்பு என்றுதான் எழுதுவான்.

இவ்வளவு எழுதியபிறகு ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. அந்த 67 தாள்களில் ஒன்றில் பெரியப்பா கையெழுத்தில் இப்படி இருக்கிறது: 'எல்லாந்தலை. மானாமதுரை ரோடு, கிணத்து மண்ணு. வாத்தியார் படிச்சுச் சொன்னது.' ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் பார்த்ததும் நான் போய் எடுத்துப் பார்த்த தாள் அதுதான். அதே காசு என்று நான் சொல்லவில்லை. அந்த வகைக் காசு இன்னும் எத்தனையோ இருக்கும். உரிமை கொண்டாடவும் வரவில்லை. கேட்டுப் பார்க்கலாமே என்று கேட்டேன். அவ்வளவுதான்.

காசை வாங்கிய தம்பிக்கு: இந்தப் பதிவை யாராவது காட்டுவார்கள், படியுங்கள். உங்கள் மேல் கோபம் இல்லை. காசு உங்களுடையது, பத்திரமாக வைத்திருங்கள். விற்றவருக்கு ஒரே ஒரு போன் போட்டு, அவருக்கு யார் கொடுத்தார்கள், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேளுங்கள். தெரியாது என்றால் 'தெரியாது' என்றே எழுதி, தேதி போட்டுக் காசோடு வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரம் பட்டால் ஊறிவிடும் என்று பெரியப்பா சொல்வார்.