கையெழுத்துப் போட்டவர் படித்திருக்க வேண்டாமா?

பி.எச்டி வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஓர் ஆய்வு மாணவி பதில் சொல்ல முடியாமல் நின்றதைப் பற்றி இரண்டு நாட்களாக ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். 'இந்தக் காலத்து ஸ்காலர்கள் உழைப்பதில்லை' என்ற பதிவுக்கு அத்தனை லைக். அந்த அறையில் நானும் இருந்தேன். பழி முழுவதையும் அந்தப் பெண் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் எடுத்துக்கொண்டது, வீடு வீடாக மருத்துவச் செலவைக் கேட்டு அரசு எடுக்கும் தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, 2017-18 டேட்டா. ஆஸ்பத்திரியில் படுத்த செலவை அதில் கடந்த 365 நாட்களுக்குக் கேட்பார்கள். புறநோயாளிச் செலவைக் கடந்த 15 நாட்களுக்கு. 15 நாள் செலவை ஆண்டுக் கணக்குக்கு மாற்றாமல், இரண்டையும் அப்படியே கூட்டி 'ஆண்டுச் செலவு' என்று எழுதிவிட்டார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்கும் வீடுகளின் செலவு இதில் சுண்டிப்போய்விடும். மருத்துவச் செலவு குடும்பச் செலவில் 10 சதவீதத்தைத் தாண்டிய வீடுகள் எத்தனை என்பதுதான் ஆய்வின் மையக் கேள்வி. அதுவே ஆட்டம் கண்டது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இதைக் கேட்டார், அந்தப் பெண் வாயடைத்து நின்றார். அவருடைய ஆய்வை மேற்பார்வையிட்ட கைடு எல்லோர் முன்னாலும் சொன்னார்: 'நான் அப்பவே சொன்னேனே!'

எப்போது சொன்னீர்கள்? 'என் மேற்பார்வையில் செய்யப்பட்டது' என்ற சான்றிதழுக்குக் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. படித்துவிட்டுத்தானே போட்டிருக்க வேண்டும்?

கைடுக்கு வேலைப்பளு என்பீர்கள். வாரம் 16 மணி நேர வகுப்பு எனக்கும் உண்டு. உதவிப் பேராசிரியருக்கு 4 ஆய்வு மாணவர்கள், இணைப் பேராசிரியருக்கு 6, பேராசிரியருக்கு 8 என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வரம்பு வைத்திருப்பதே ஒவ்வொருவரையும் கவனிக்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான்.

'பி.எச்டி என்றால் தானாகக் கற்றுக்கொள்வது' என்று ஒருவர் எனக்கே பாடம் எடுத்தார். சரி, பாதி உண்மை. நான் அப்படிக் கற்றவன்தான், அதனால்தான் வலிக்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளின் செலவு பற்றியது என் ஆய்வு. என் கேள்வித்தாள் எட்டு மாதம் கைடின் மேஜையில் கிடந்தது. திரும்பி வந்தபோது பக்க எண் மட்டும் திருத்தப்பட்டிருந்தது. அந்தத் தாளோடு டயாலிசிஸ் வார்டுக்குப் போனேன். காப்பீட்டில் சிகிச்சை இலவசம், அதனால் என் தாளில் செலவு பூஜ்ஜியம் என்றே விழுந்தது. அதைப் பார்த்த ஒரு நர்ஸ் அக்கா கேட்டார்: 'பஸ் காசு, கூட வர்றவங்க கூலி எல்லாம் எங்க தம்பி?' வாரத்துக்கு மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு மனைவியோடு வரும் கொத்தனார் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கைடு கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அறுபது பேரிடம் மறுபடியும் போய்க் கேட்டேன். ஒரு வருடம் போயிற்று. அந்த வருடத்தை யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை.

இன்னும் நீங்கள் அந்தப் பெண்ணைத்தான் திட்டப்போகிறீர்கள் என்றால் திட்டுங்கள். ஆனால் நான்கு வருடத்தில் அவருடைய டேட்டா கோப்பை ஒருமுறையாவது கூட உட்கார்ந்து திறந்து பார்த்தவர் யார் என்றும் கேளுங்கள்.

நேற்று இரவு பதினொரு மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது: 'சார், புறநோயாளிச் செலவை 365/15ஆல் பெருக்கிவிட்டுக் கூட்டினால் சரியா?'

போன் செய்தேன். பத்து நிமிடம் பேசினோம். புரிந்துவிட்டது என்றார்.