கறி சூடாக்கப் போன நேரத்தில் இரண்டு கோல்

நேராகவே சொல்கிறேன். வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டு ஃபுட்பால் பார்ப்பதென்றால், ரெஃபரி விசில் ஊதும்போது அடுப்படியில் ஒரு ஆள்கூட நிற்கக் கூடாது. சாப்பாடு, ஒயின், டிவி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் கொல்லங்கோட்டுக்கும் நீரோடிக்கும் நடுவில். நீரோடி தாண்டினால் பொழியூர், கேரளம். இந்தப் பக்கம் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று கரை முழுக்க நடக்கப் பழகும்போதே பந்து உதைக்கப் பழகுகிற பிள்ளைகள். மாநிலங்களுக்கு இடையே நடக்கும் சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டுக்காக எங்கள் கரைக்காரர்கள் எத்தனையோ பேர் ஆடியிருக்கிறார்கள். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இந்தியாவின் பெரிய கிளப் போட்டியான ஐஎஸ்எல் வரை போனார். அப்படிப்பட்ட ஊரில் மூன்று அண்ணன்மாருக்குத் தங்கையாக வளர்ந்த நான், முப்பது வயது தாண்டும் வரைக்கும் ஒரு ஆட்டத்தைக்கூட முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்த்ததில்லை. கேட்டிருக்கிறேன். ஹாலில் எழும் கூச்சலை வைத்தே கோல் விழுந்ததா, போஸ்டில் பட்டதா, ரெஃபரிக்குத் திட்டு விழுகிறதா என்று அடுப்படியில் நின்றபடி சொல்லிவிடுவேன். அம்மைக்கும் அது வரும். பாட்டிக்கும் வந்திருக்கும்.

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. கத்தார் உலகக் கோப்பை இறுதியாட்டம், லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினாவும் பிரான்ஸும். நமக்கு இரவு எட்டரைக்கு ஆட்டம். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது, ஒயின் தயார், அதனால் எங்கள் வீட்டிலேயே கூடலாம் என்று நான்தான் எல்லாரையும் கூப்பிட்டேன். பத்தொன்பது பேர். பாயில், கட்டிலில், வாசல்படியில். முதல் பாதியில் அர்ஜென்டினாவுக்கு மெஸ்ஸி ஒன்று, டி மரியா ஒன்று. பெரிய அண்ணன் அழுதேவிட்டான். இரண்டாம் பாதியில் ஆட்டம் முடிந்த மாதிரி ஒரு சாவகாசம் எல்லாருக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அண்ணன் திரும்பிப் பார்த்து, "பிள்ளே, அந்த மீன்கறியைக் கொஞ்சம் சூடாக்கி எடு" என்றான்.

மண்சட்டி சூடேற நேரம் பிடிக்கும். ஓரத்தில் முதல் குமிழ் வந்தபோது ஹாலிலிருந்து ஒரு ஓலம். சட்டியை விட்டுவிட்டு ஓட மனம் வரவில்லை, அடிப்பிடித்துவிடும். துணி பிடித்து இறக்கி, தட்டு தேடி, கரண்டி தேடித் திரும்புவதற்குள் இன்னொரு ஓலம். வந்து பார்த்தால் 2-2. 80ஆவது நிமிடத்தில் பெனால்டி, 81இல் பந்து தரையில் விழுமுன்னே உதைத்த அந்த வாலி. 97 விநாடிக்குள் பிரான்ஸின் எம்பாப்பே இரண்டு அடித்துவிட்டார். உலகமே பார்த்த அந்த 97 விநாடியை நான் கறிச்சட்டியோடு நின்று கேட்டேன். ரீப்ளே எத்தனை முறை வேண்டுமானாலும் போடுவார்கள், தெரியும். ஆனால் நாலு பேரோடு ஒன்றாக மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பதற்குத்தானே வீட்டில் கூடுகிறோம்? அது ரீப்ளேயில் வராது.

அதே உலகக் கோப்பைக்குக் கொச்சியில் முண்டக்காமுகள் என்ற இடத்தில் 17 பேர் சேர்ந்து 23 லட்ச ரூபாய்க்கு ஒரு வீட்டையே வாங்கினார்கள், ஒன்றாக உட்கார்ந்து ஆட்டம் பார்க்க. கோழிக்கோட்டுப் பக்கம் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு 30 அடி கட்அவுட், அதைப் பார்த்து நெய்மாருக்கு 40 அடி. அந்தப் பிரியம் எனக்குப் புரியும், என் ரத்தத்திலும் அதுதான் ஓடுகிறது. எனக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். வீடு இருக்கிறது, டிவி இருக்கிறது. எழுந்து போகாமல் உட்கார ஒரு பாய் போதும்.

சரி, அப்படியானால் என்ன சமைப்பது? ஆறினாலும் ருசி போகாததை மட்டும். மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) மயக்கி, அதாவது மசித்து வைத்தால் ஆறியதும் கட்டியாகிவிடும், அதனால் துண்டு துண்டாக அவித்துக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியோடு (துவையலோடு) வையுங்கள். மீன்கறிக்குத் தேங்காய் அரைக்க வேண்டாம், குடம்புளி போட்டு மத்தியானமே வைத்துவிட்டால் ராத்திரிக்குள் புளியும் காரமும் மீனில் ஏறி, சூடாக்காமலே நன்றாயிருக்கும் (சூரை என்றால் இன்னும் விசேஷம்). தேங்காய்க் கொத்து போட்டு வறுத்த மாட்டிறைச்சியும் அப்படித்தான். நெத்தோலி பொரிப்பதை மட்டும் தயவுசெய்து அந்த இரவில் நினைக்காதீர்கள். எல்லாரும் சூடாகக் கேட்பார்கள், எண்ணெய்ச் சட்டி முன்னால் ஒருத்தி நின்றுகொண்டே இருக்க வேண்டும், அந்த ஒருத்தி யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆட்டத்துக்கு முன்னாலேயே வாழையிலை போட்டுச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். இடைவேளை 15 நிமிடத்துக்கு ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்) போதும், முறுக்கு போதும்.

ஃபோனிலிருந்து டிவிக்கு இழுத்துப் போடுவதையும் விட்டுவிடுங்கள். நெட்டில் வருவது பிந்தித்தான் வரும், அடுத்த வீட்டில் கேபிள் இருந்தால் அவர்களின் கூச்சல் அரை நிமிடம் முன்னாலேயே வந்து நம் கோலைத் தின்றுவிடும்.

ஒயினைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல இருக்கிறது. அந்த வருஷம் கல்லறைத் திருநாள் (நவம்பர் 2) முடிந்த மறுநாள் பரணியில் (பீங்கான் ஜாடியில்) போட்டேன். களியக்காவிளைச் சந்தையில் வாங்கிய கறுப்பு முந்திரி (எங்களுக்குத் திராட்சைதான் முந்திரி, மற்றது அண்டிப்பருப்பு), கழுவி ஈரம் போகத் துடைத்து, சீனி, கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, கொஞ்சம் ஈஸ்ட். வாயைத் துணியால் கட்டி, தினமும் ஒரே நேரத்தில் மரக்கரண்டியால் கிண்டி, 21 நாள் கழித்து அரித்து, தெளிய வைத்தது. அந்தக் கட்டைத் திறக்கும்போது வரும் வாசம் எனக்குத் தேவாலயத்தையும் அம்மையின் கையையும் ஒன்றாக ஞாபகப்படுத்தும். இதைத் தண்ணீர் மாதிரி குடிக்கக் கொடுக்க எனக்கு மனமே வராது. இனிப்பாக இருப்பதால் லேசு என்று நினைக்கிறார்கள், அது தப்பு, சீனியும் ஈஸ்டும் சேர்ந்தால் தலைக்கு ஏறும். ஆளுக்கு இடைவேளையில் அரை டம்ளர், முடிந்ததும் அரை டம்ளர், ஊற்றுவது நான். பைக் ஓட்டிப் போகிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நன்னாரி சர்பத். பாட்டிலோடு வருகிறவரை வாசலிலேயே மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடுவேன். கரையில் பெரிய ஸ்கிரீன் கட்டிப் போடும் இரவுகளில் படகுகளுக்குப் பின்னால் போய்க் குடித்துவிட்டு வந்து இரண்டாம் பாதியில் சட்டையைப் பிடிக்கிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தாயிற்று. எங்களைப் போன்ற பெண்கள் அந்தப் பக்கம் போகாததற்கு அதுதான் காரணம், ஃபுட்பால் பிடிக்காததால் ஒன்றுமில்லை.

2024இல் ஐரோப்பிய நாடுகளின் யூரோ கோப்பை இறுதியாட்டத்துக்கு இதையெல்லாம் செய்து பார்த்தேன். ஸ்பெயினும் இங்கிலாந்தும், நம் நேரம் நள்ளிரவு 12.30. பதினொன்றுக்குள் சாப்பாடு முடிந்து அடுப்படி விளக்கு அணைந்தது. 68 வயதில் அம்மை முதல்முறையாக ஒரு ஆட்டத்தை முழுசாகப் பார்க்க உட்கார்ந்தாள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்டாள். அண்ணன்மார் மூன்று பேரும் டம்ளரையும் உப்பேரியையும் தரையில் வைத்து ஐந்து நிமிடம் விளக்கினார்கள். கேட்டுவிட்டு, "அப்போ விளம்புறதுக்கு முன்னாலே பந்தியில போய் இருந்தவன்" என்றாள் (விளம்புவது என்றால் பரிமாறுவது). அதற்கு மேல் விளக்க ஒன்றும் இல்லை. 86ஆவது நிமிடம் ஸ்பெயினின் ஓயர்சபால் அடித்த கோலுக்கு அம்மை என் தொடையில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது.

அன்று மூன்று அண்ணன்மாரும் வீட்டில் இருந்ததற்கு மீன்பிடித் தடைக்காலம்தான் காரணம். எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கத்தார் உலகக் கோப்பை நவம்பர், டிசம்பரில் வந்ததால் நடு அண்ணன் அன்று ஆழ்கடலில் இருந்தான், கரை சேர்ந்த பிறகுதான் அவனுக்கு ஸ்கோரே தெரிந்தது. 2026 அப்படி இல்லை. ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை, 48 அணி, 104 ஆட்டம், முழுக்கத் தடைக்காலத்துக்குள். இறுதியாட்டம் நியூ ஜெர்சியில், நமக்கு அது ஜூலை 20 நள்ளிரவு 12.30. சூரை கிடைப்பது கஷ்டம், வள்ளத்துக்காரர் (சின்னப் படகுக்காரர்) கொண்டுவருவதைப் பார்த்துத்தான் கறி. கறியை வைக்கப் போவது நடு அண்ணன், நான் பக்கத்தில் நின்று புளி மட்டும் பார்ப்பேன் என்று பேசி முடித்தாயிற்று.

மே கடைசியில் முந்திரி போட்டால் ஜூலைக்குள் தெளிந்துவிடும். டிவிக்கு நேர் எதிரே இருக்கும் நாற்காலி தனக்கு என்று அம்மை இப்போதே சொல்லிவிட்டாள்.