மந்தமானால் உடனே போமற்றா?
கணினி இழுக்கத் தொடங்காமல் இருக்க வருடத்துக்கு ஒருமுறை விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டும், அதாவது போமற் பண்ண வேண்டும் என்று மேலே உள்ள கட்டுரையில் எழுதியிருப்பது விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கதை. என் லப்டொப்பை யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் இரண்டு முறை போமற் பண்ணினார்கள், இரண்டு முறையும் பத்து நாள் நன்றாக ஓடிவிட்டுத் திரும்பவும் அதே இழுபறி. கடைசியில் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் ஹார்ட் டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கிறது, கெட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் பழுதான இடங்கள்) கூடிவிட்டன என்று மஞ்சளில் எச்சரிக்கை. அதற்குப் பதிலாகச் சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போட்டேன், சரியாகிவிட்டது, அதே பழைய விண்டோஸை அப்படியே குளோன் பண்ணி, அதாவது அச்சு அசலாகப் பிரதியெடுத்துத்தான் இன்றுவரை ஓட்டுகிறேன். மேலே கருத்துப் பகுதியில் 'வெயில் காலத்தில் மட்டும் இழுக்குது' என்று எழுதிய தம்பி, உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் என்றால் முதலில் விசிறியைக் கழற்றிச் செம்மண் புழுதியைத் தட்டிப் பாருங்கள், சூடு கூடினால் புரொசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்குப் போமற் மருந்தில்லை. வைரஸ் ஆழமாகப் புகுந்துவிட்டது, அல்லது விண்டோஸின் பழுது திருத்தும் கட்டளைகளான எஸ்எஃப்சி, டிஐஎஸ்எம் இரண்டையும் ஓட்டியும் சிஸ்டம் கோப்புகள் திருந்தவில்லை என்றால் புதிதாகப் போடலாம், அதுவும் டெஸ்க்டொப்பில் கிடக்கும் கலியாண வீட்டுப் படங்களை வேறெங்காவது எடுத்து வைத்த பிறகு.