பேசுவது சதுரம், அபாட் அல்ல

'ஃபிளாட்லேண்டில் பெண்கள் வெறும் கோடுகள், ஆகவே எட்வின் அபாட் பெண்களை வெறுத்தவர்' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஃபிளாட்லேண்ட், அபாட் 1884இல் எழுதிய நாவல்; அதில் உலகமே ஒரு தட்டையான பரப்பு, மனிதர்கள் எல்லாம் கோடுகளும் வடிவங்களும். கதை சொல்வது அபாட் இல்லைங்க, ஒரு சதுரம். அந்த உலகத்தில் பக்கம் கூடக் கூட அந்தஸ்து: கூலிக்காரன் இருசமபக்க முக்கோணம், உச்சியில் வட்டக் குருமார்கள். பெண்ணுக்குத் தனி வாசல்; கோடு ஊசி மாதிரி கூர்மை என்பதால், யாரையும் குத்திவிடாதபடி தெருவில் குரல் கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். படிப்பும் கிடையாது. அந்தத் தடையைச் சதுரமே குறை சொல்கிறது: பெண்களிடம் 'அன்பு', 'கடமை' என்று ஒரு பாஷை, ஆண்களுக்குள் வேறு பாஷை! (நமக்குத் தெரியாத கதையா?) அப்புறம், இந்தக் குற்றச்சாட்டு 1884லேயே எழுந்ததுதான். அதே ஆண்டு இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், சதுரம் தன் கருத்தை மாற்றிக்கொண்டதாகப் 'பதிப்பாசிரியர்' எழுதியிருக்கிறார். நிஜத்தில் அபாட், பெண்கல்விக்காக வாதாடிய தலைமையாசிரியர்.