கல்யாணத்தில் வாசிக்கப்படும் கண்டிப்புக் கடிதம்

இந்தச் சீசனில் எனக்கு வந்த கிறிஸ்தவத் திருமண அழைப்பிதழ்கள் மூன்று. மூன்றிலும் ஒரே பைபிள் வசனம்: "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது." என் திருமணத்திலும் இதைத்தான் வாசித்தார்கள், நானும் பயபக்தியோடு தலையாட்டினேன். ஆகவே யாரையும் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. இருந்தாலும் சொல்கிறேன், இது கொரிந்து நகரச் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது; அவர் இதைக் கோபத்தோடு எழுதினார்.

ஏறத்தாழ கி.பி. 55. பவுல் இன்றைய துருக்கியிலுள்ள எபேசுவில் இருக்கிறார். கடலுக்கு அக்கரையில், கிரேக்க நாட்டில் கொரிந்து. அவர் ஒன்றரை ஆண்டு தங்கி, கூடாரம் தைத்துப் பிழைத்துக்கொண்டே உருவாக்கிய சபை அங்கே இருக்கிறது. குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார் வந்து சேதி சொல்கிறார்கள்: ஒருவன் பவுல் கட்சியாம், ஒருவன் அப்பொல்லோ என்ற போதகரின் கட்சியாம், இன்னொருவன் கேபா, அதாவது பேதுருவின் கட்சியாம். சகோதரனைச் சகோதரன் நீதிமன்றத்துக்கு இழுக்கிறானாம். போதாக்குறைக்குச் சபையாரே கேள்விகள் எழுதி ஒரு கடிதமும் அனுப்பியிருக்கிறார்கள். அது நம் கைக்கு வரவில்லை. பவுல் முன்பே எழுதிய ஒரு கடிதமும் தொலைந்துவிட்டது. ஐந்தாம் அதிகாரத்தில் அவரே அதைக் குறிப்பிடுகிறார். கொரிந்தியருக்கு எழுதின 'முதலாம் நிருபம்' (முதல் கடிதம்) என்று நாம் சொல்வது உண்மையில் முதலாவது அல்ல.

ஊரின் கதையும் சேர்த்தே தெரிய வேண்டும். கி.மு. 146இல் ரோமர்கள் அழித்த கொரிந்துவை, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மீண்டும் குடியேற்றினார். வந்து குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். கிழக்கே ஒரு துறைமுகம், மேற்கே ஒரு துறைமுகம். நடுவில் புழங்கியது பணம். குலப்பெருமை பேச முடியாத ஊரில் காசும் நாவன்மையும்தானே அந்தஸ்து?

அந்த அந்தஸ்து, இயேசுவின் நினைவாகச் சபையார் கூடி உண்ணும் திருவிருந்திலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்போது கோயில் கட்டடம் ஏது? வசதியுள்ளவர் வீட்டில்தான் கூடினார்கள். ரோமானிய வீட்டுச் சாப்பாட்டு அறையில் வழக்கமாக ஒன்பது பேர் சாய்ந்து உண்ணலாம். மற்றவர்களுக்கு முற்றம்தான் கிடைத்திருக்கும். ஒருவன் பசியோடு கிடக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான் என்று பதினோராம் அதிகாரத்தில் பவுல் கொதிக்கிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். பந்தியில் யாருக்கு எந்த இலை என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு உரை தேவையில்லை.

இதற்குப் பிறகு பதின்மூன்றாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். அன்புக்குப் பொறாமையில்லை என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் அவர்களிடம் பொறாமை இருக்கிறது என்று சுட்டியிருக்கிறார். அன்பு இறுமாப்பாயிராது என்கிறார்; கிரேக்கத்தில் அந்தச் சொல் இக்கடிதத்தில் ஆறு முறை வருகிறது, மற்ற ஐந்தும் கொரிந்தியரைக் கண்டிக்க வந்தவை. ஆவியின் ஏவலால் அந்நிய பாஷை பேசுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களிடம், அன்பில்லாவிட்டால் நீ சத்தமிடுகிற வெண்கலம் என்கிறார். வரிக்கு வரி ஒரு கொட்டு!

எனக்கு உண்மையில் எரிச்சலூட்டுவது அழைப்பிதழ் அல்ல. அது பாவம், யாருக்கும் தீங்கு செய்வதில்லை. பதினான்காம் அதிகாரத்திலிருந்து 'ஸ்திரீகள் சபையில் பேசாமலிருக்கக்கடவர்கள்' என்பதை மட்டும் உருவியெடுத்து வாயடைக்கிறார்களே, அதுதான். அதே கடிதத்தின் பதினோராம் அதிகாரம் பெண்கள் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பற்றிப் பேசுகிறது. முக்காடு போடுவதா வேண்டாமா என்பதே அங்கே விவாதம். சபையின் சண்டை பவுல் காதுக்கு எட்டியதே ஒரு பெண்ணின் வீட்டார் மூலம். இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வைத்து ஒரு பிரசங்கம் கேட்க எனக்கு ஆசை, இதுவரை வாய்க்கவில்லை.

சரி, பவுலின் கடிதத்தால் கொரிந்து திருந்தியதா? சுமார் நாற்பது ஆண்டு கழித்து, பொதுவாகக் கி.பி. 96 என்று கணிக்கப்படும் காலத்தில், ரோமாபுரிச் சபையிலிருந்து அவர்களுக்கு இன்னொரு நீண்ட கடிதம் போகிறது. அந்த ரோமாபுரிச் சபையின் தலைவர் கிளமெந்து எழுதியதாக மரபு சொல்கிறது. இம்முறை கொரிந்தியர் தங்கள் சபை மூப்பர்களையே பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். பவுல் எழுதியதை எடுத்து வாசியுங்கள் என்று அவரும் சொல்கிறார். பிறகு அன்பைப் பற்றி அவர் பங்குக்கு ஒரு பகுதி எழுதுகிறார்.